முதல் வெள்ளத்தில் மிதந்த மீன்கள்: திருமணிமுத்தாற்று ஏரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேலம் நகரத்தைத் தாண்டி, திருமணிமுத்தாற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வாங்கும் ஏரிகளில் ஒன்று இது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. மீன் குத்தகை எடுத்திருக்கும் குடும்பங்களின் பிழைப்பு அதில் இருக்கிறது; "அந்த ஏரி மீனா?" என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினாலே அவர்களுக்கு நஷ்டம். கோடை மழை பொய்த்துப்போன ஒரு வருடம். புரட்டாசியில்தான் மலையிலும் நகரத்திலும் சேர்ந்து பெரிய மழை பெய்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது, வாய்க்கால் நிரம்பி ஏரிக்குள் பாய்ந்தது. விடியும்போது கரை நெடுக மீன் மிதந்தது.

நான் போவதற்குள் ஊரில் மூன்று தீர்ப்பு தயாராக இருந்தது. குத்தகைப் போட்டியில் யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்பது ஒன்று. சேகோ தண்ணி, அதாவது ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் என்பது இரண்டாவது. சாயப்பட்டறைத் தண்ணி என்பது மூன்றாவது. குத்தகைக்காரப் பெரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. "நேத்து சாயங்காலம் வரைக்கும் மீன் நல்லா மேய்ஞ்சுதுங்க, வெள்ளம் வந்த பொறவுதான்" என்றார். அன்று கிடைத்த முதல் உருப்படியான சாட்சி அதுதான்.

எது செத்தது, எது பிழைத்தது

இப்படிப்பட்ட இடத்தில் எல்லோர் கண்ணும் செத்த மீன் மேல்தான் போகும். உயிரோடு இருப்பது எது என்று பார்ப்பவர்கள் குறைவு. நஞ்சின் அடையாளம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

மிதந்தவை பெரும்பாலும் கட்லாவும் ரோகுவும். அதிலும் பெரிய மீன்கள். வாய் திறந்திருந்தது, செவுள் மூடி விரிந்திருந்தது. சின்னக் கெண்டைகளும் ஜிலேபிக் குஞ்சுகளும் ஓரத்தில் கூட்டமாக வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தன. விராலும் தேளியும் சாகவில்லை. இறால்கள் தண்ணீரை விட்டுக் கோரைத் தண்டுகளில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. வலையை ஓரத்துச் செடிக்குள் விட்டு இழுத்தால் தட்டானின் இளம்புழுக்கள் துடிப்போடு வந்தன.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து கலந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியவை இறாலும் பூச்சிகளும்தான். அந்த மருந்துகள் செய்யப்பட்டதே கணுக்காலிகளைக் கொல்ல. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தென்றால் செத்த மீனின் முதுகுத்தண்டு வளைந்திருக்கும், மார்புத் துடுப்பு முன்பக்கமாக விறைத்து நிற்கும். அப்படி எதுவும் இல்லை. சயனைடு என்றால் செவுள் பளிச்சென்று சிவந்திருக்கும், அதுவும் இல்லை. பொதுவாகக் கரைந்த நஞ்சு குஞ்சுகளை முதலில் அடிக்கும், ஆக்சிஜன் பற்றாக்குறை பெரிய மீன்களை முதலில் அடிக்கும். இவை எல்லாவற்றையும்விட விராலும் தேளியும்தான் பெரிய சாட்சிகள். இரண்டுக்கும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தண்ணீரில் நஞ்சு கலந்திருந்தால் அந்த வசதி அவற்றைக் காப்பாற்றியிருக்காது. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் போயிருந்தால் காப்பாற்றும்.

ஆக, மூச்சுத்திணறிச் செத்திருக்கின்றன. மருந்து வைத்தார்கள் என்ற பேச்சு அதோடு அடங்கியது. ஊரில் ஒரு சண்டை தவிர்க்கப்பட்டதே பெரிய விஷயம்.

ஆனால் இந்த மாதிரி சம்பவங்களில் கோப்பை மூடுவதும் இந்த இடத்தில்தான். "மேகமூட்டம், மழை, ஆக்சிஜன் குறைவு, இயற்கையான காரணம்" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூச்சுத்திணறல் என்பது செத்த விதம். அது காரணம் ஆகாது. மலையிலிருந்து நேராக வரும் நல்ல வெள்ளம் ஆக்சிஜனைக் கொண்டுவரும். இந்த வெள்ளம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி. அதற்கு ஏரியை விட்டுவிட்டு ஆற்றில் மேலே நடக்க வேண்டியிருந்தது.

மாதிரி எடுக்கும் நேரம்

அதற்கு முன் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வழக்குகள் தோற்பது இங்கேதான். மீன் விடியலில் சாகும். தகவல் போய், ஆள் வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். அதற்குள் பாசி வெயிலில் வேலை செய்து ஆக்சிஜனை மீண்டும் ஏற்றிவிடும். ஆய்வகத்தில் "இயல்பு" என்று வரும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீரே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். மீன்களும் நீர்வாழ் விலங்குகளும் பெருக, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு குறைந்தது 4 மில்லிகிராம் கேட்கிறது. இரவெல்லாம் பாசியும் சுவாசித்து முடித்த பின், சூரியன் வரும் முன் இருக்கும் அளவுதான் மீனின் தலைவிதி. அந்த நேரத்தில் அளக்காத எண்ணுக்கு மதிப்பில்லை. கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஊற்றி ஆக்சிஜனை நிலைப்படுத்த வேண்டும். சயனைடுக்கான பாட்டிலில் காஸ்டிக் சோடா போட்டு பி.எச். 12க்கு மேல் ஏற்றிவைக்க வேண்டும். ஐதரசன் சயனைடின் கொதிநிலை ஏறக்குறைய 26 டிகிரிதான்; சேலத்து வெயிலில் சாதாரணத் தண்ணீர்ப் பாட்டிலில் அது தங்காது.

இதனால்தான் தண்ணீரைவிட, அதற்குள் குடியிருக்கும் உயிர்களை நான் அதிகம் நம்புகிறேன். தண்ணீர் அந்த நிமிடத்தைச் சொல்லும். கல்லுக்கு அடியில் வாழும் பூச்சி கடந்துபோன மாதங்களைச் சொல்லும்.

மலை

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில், மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிறது. மலையோடைகளில் கல்லைப் புரட்டினால் மூன்று வால் கொண்ட மேஃப்ளை இளம்புழுக்கள், மணல்துகளால் தனக்கே கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழுக்கள், நண்டுகள், தலைப்பிரட்டைகள் எல்லாம் இருக்கும். மேஃப்ளையும் கேடிஸும் ஆக்சிஜன் குறைந்தால் தாங்காதவை. கீழே என்ன இல்லாமல் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தப் பட்டியல் வேண்டும்.

மலை என்றால் சுத்தம் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. 1820இல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. காப்பியோடு அதன் நோய்களும் வந்தன. இலைத்துருவுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைத் தலைமுறை தலைமுறையாக அடிக்கிறார்கள். செம்பு மக்காது, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மனிதருக்கும் மாட்டுக்கும் அது பெரிய தொல்லை இல்லை. ஓடையில் உள்ள நத்தைக்கும் தலைப்பிரட்டைக்கும் மீனுக்கும் அப்படியில்லை. மிகக் குறைந்த அளவிலேயே மீனின் மோப்பத்தைச் செம்பு மழுங்கடிக்கும். எதிரி வருவது அதற்குத் தெரியாமல் போகும். அந்த மீன் செம்பால் செத்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, கொக்கு தின்றது என்றுதான் கணக்கு. அராபிகா தண்டைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்காக லிண்டேன் என்ற பூச்சிமருந்தைத் தூரில் தடவி வந்தார்கள். 2009இல் அது, எளிதில் மக்காத நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது, இந்தியாவில் 2013இல் பயன்பாடு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பழம் உரிக்கும் மாதங்களில் பல்பர் தண்ணீர், அதாவது காப்பிப் பழத்தை உரிக்கும் எந்திரத்தின் கழிவுநீர், ஓடைக்கு வந்தால், அந்த ஓடையில் மேஃப்ளை காணாமல் போய் ரத்தப் புழு (சேற்றில் வாழும், கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு இளம்புழு) வந்துவிடும்.

அடிவாரத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் கிடைக்கும் குன்றுகளின் பாறை இயல்பாகவே குரோமியமும் நிக்கலும் மிகுந்தது. ஆற்று மணலில் குரோமியம் அதிகம் என்று கண்டதும் ஏதாவது ஓர் ஆலையைக் கைகாட்டினால் அது அநியாயம். சுரங்கக் கழிவுமேடுகளை மறந்துவிட்டு "பாறைதான் காரணம்" என்றால் அதுவும் அநியாயம். அதே பாறையில், சுரங்கமும் ஆலையும் தொடாத ஓர் ஓடையின் வண்டலை ஒப்பீட்டுக்கு எடுக்காமல் சேலத்தில் உலோகம் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது என் கருத்து.

நகரம்

மூக்கனேரி பக்கம் மக்கள் கூடி ஏரியைத் தூர்வாரி, மண்ணைத் தீவுகளாகக் குவித்து மரம் நட்டதில் பறவைகள் வந்தன; நகரத்தின் ஓரத்தில் அது ஒரு நல்ல காட்சி. அதைத் தாண்டி ஆறு ஊருக்குள் வந்ததும் கதை மாறுகிறது. வீட்டுச் சாக்கடை, சாயப்பட்டறை, வெள்ளிப் பட்டறை எல்லாம் ஒரே ஓட்டத்தில் சேர்கின்றன.

மக்கள் கோபம் முழுக்கச் சாயத்தின் மேல்தான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நிறம் வெளிச்சத்தை மறைக்கும், சாயமேற்றப் போடும் உப்பு நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறமே இல்லாத பொருள்கள்தான் அதிகம் பயமுறுத்துகின்றன. கொலுசுத் தொழிலில் இருந்து வரும் வெள்ளியை யாரும் மாசு என்று நினைப்பதில்லை. கரைந்த வெள்ளி அயனி மீனுக்கு மிகக் கொடிய உலோகங்களில் ஒன்று: செவுள் வழியாக உப்புச்சத்தை உள்ளே இழுக்கும் பம்பை அது நிறுத்திவிடுகிறது. பற்றுவைக்கும் பொடியில் காட்மியம் இருந்தால் அதுவும் கூட வரும்.

அப்படியானால் ஆற்றில் இவை மீன்களைக் கொன்றுகொண்டே இருக்க வேண்டுமே? இல்லை. காரணம் சாக்கடைதான். ஆக்சிஜன் இல்லாத கருப்புச் சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பைடை உண்டாக்குகின்றன. வெள்ளி, செம்பு, காட்மியம் மூன்றும் சல்பைடோடு சேர்ந்து கரையாத துகளாகிச் சேற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. மேலே ஓடும் தண்ணீரில் சோதித்தால் உலோகம் கிடைக்காது. எல்லாம் கீழே பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது, யாராவது கலக்கும் வரை.

சேகோ

சேலத்துக்குக் குச்சிக்கிழங்கு வெறும் பயிர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது இங்கே தொடங்கிய தொழில் அது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்று ரகத்தின் பெயரைச் சொல்லிப் பேசும் விவசாயிகள் இருக்கிற மாவட்டத்தில், "சேகோ பேக்டரியை மூடு" என்று எழுதிவிட்டுப் போவது எளிது, நியாயமில்லை.

ஆனால் தண்ணீர் என்ன செய்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருளும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன, சயனைடு வெளிவருகிறது. தோலில் அது இன்னும் அதிகம். கழுவி, படியவைத்து, வறுத்து எடுப்பதால் ஜவ்வரிசியில் பயப்பட ஒன்றும் இல்லை. கழுவிய தண்ணீரில்தான் அது போகிறது. மீனின் செல்லில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைச் சயனைடு பூட்டிவிடும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத்திணறும். ஆலையின் வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தை ஒட்டி இந்த ஆபத்து நிஜமானது. கீழே போகப்போக, வெயிலிலும் காற்றிலும் சயனைடு குறைந்துவிடுகிறது.

குறையாமல் கூடவே வருவது மாவு. சேகோ கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கழிவைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். ஆற்றில் விடும் கழிவுநீருக்கான வரம்பு 30. மாவும் திப்பித் துகளும் (கிழங்குச் சக்கை) நஞ்சே இல்லை, மாட்டுக்குத் தீவனமாகப் போடுகிறார்கள். ஆனால் ஆற்றில் விழுந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்ளும். 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அப்படி 6 பகுதிகள், அவற்றில் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்டா மூன்றும் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை, மூன்றும் முதல் முன்னுரிமை வகுப்பு. பி.ஓ.டி. 30க்கு மேல் போனால்தான் அந்த வகுப்பு. அதாவது ஆறே கழிவுநீருக்கான வரம்பைத் தாண்டி ஓடுகிறது.

வெள்ளம் என்ன செய்தது

இப்போது ஏரிக்குத் திரும்பலாம். கோடை மழை இல்லாத அந்த வருடம் முழுக்க, ஆற்றின் படுகையில் மாவும் மலமும் உலோக சல்பைடும் சேர்ந்த கருஞ்சேறு அடுக்கடுக்காகப் படிந்தது. அது ஆற்றின் கடன் புத்தகம் மாதிரி: ஆக்சிஜன் பாக்கி ஏறிக்கொண்டே போனது, வசூலிக்க வெள்ளம் வரவில்லை. வந்தபோது மொத்தமும் ஒரே இரவில் கேட்கப்பட்டது. சல்பைடும் இரும்பும் ஆக்சிஜனைத் தொட்டவுடன், நுண்ணுயிர் உதவிகூடத் தேவைப்படாமல், வேதிவினையாகவே அதை விழுங்கும். இதைக் கரையிலேயே யாரும் செய்து பார்க்கலாம். ஒரு வாளி நல்ல தண்ணீரில் வாய்க்கால் சேற்றைக் கலக்கி, ஆக்சிஜன் மீட்டரை விட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கும். பெரியவர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு சாயம், மருந்து என்று அவரிடம் யார் பேசினாலும் வாளியைப் பற்றித்தான் சொன்னார்.

இரவு, மேகம், பாசியும் தன் பங்குக்குச் சுவாசிக்கும் நேரம், அதன் மேல் இந்த வெள்ளம். கட்லாவும் ரோகுவும் தாங்கவில்லை. மழை இங்கே கொலையாளி இல்லை, சேற்றை ஏரிக்குத் தூக்கிவந்தது மட்டும்தான் அதன் வேலை.

மீன்கள் சாவது ஒரு நாள் சேதம். எனக்கு அதைவிடக் கவலை தந்தது அதற்கு அப்புறம் நடந்தது. அந்தச் சேறு இப்போது ஏரியின் அடியில். ஆக்சிஜன் பட்ட சல்பைடு உடைந்தால் அது கட்டிவைத்திருந்த உலோகம் விடுபடும். ஏரிச் சேற்றிலிருந்து ரத்தப் புழுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சிலவற்றின் வாய்ப் பல்வரிசையில் பல் குறைந்தும் ஒட்டிப்போயும் இருந்தன. சேற்றில் உலோகமோ பூச்சிமருந்தோ இருக்கும் இடங்களில் தெரியும் குறை இது. மலையோடையில் எடுத்த புழுக்களின் பல்வரிசை ஒழுங்காக இருந்தது.

பறவைகள்

ஏரி கெட்ட சில வாரங்களில் நெடுங்கால் உள்ளான் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. "பறவை வருது, ஏரி நல்லாயிருச்சு" என்று ஊரில் மகிழ்ச்சி. உள்ளான் வந்தது ரத்தப் புழுவுக்காக. மற்ற எல்லாப் பூச்சியும் போன இடத்தில், ரத்தத்தில் ஹீமோகுளோபின் வைத்துக்கொண்டு ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பெருகுவது அந்தப் புழுதான். எனவே பறவை எண்ணிக்கையை மட்டும் வைத்து நீர்நிலைக்கு நற்சான்று தரக்கூடாது. எந்தப் பறவை, எதைத் தின்கிறது என்று கேட்க வேண்டும். தண்ணீருக்குள் பாய்ந்து பிடிக்கும் மீன்கொத்தி குறைந்து, சேற்றில் குத்தும் உள்ளான் கூடினால் அது நல்ல செய்தி இல்லை.

எல்லா நஞ்சும் உணவுச் சங்கிலியில் ஏறஏறக் கூடும் என்று பள்ளிப் புத்தகம் தரும் எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். பாதரசம் அப்படி ஏறும். செம்பும் வெள்ளியும் அப்படி ஏறுவதில்லை. அவை அடிமட்டத்து உயிர்களை அடிக்கும். காட்மியம் பறவையின் சிறுநீரகத்தில் தங்கும். ரத்தம் எடுக்காமல் இதன் தடயத்தைத் தேட ஒரு வழி, உதிர்ந்த இறகு. இறகு வளரும்போது உடலில் இருக்கும் உலோகம் அதில் பிணைந்துவிடும். வனத்துறை அனுமதியோடு கூடு வைக்கும் இடங்களில் இறகு சேகரித்து, மலையடிவாரத்து ஏரிகளின் இறகோடு ஒப்பிடுவது இந்த ஆய்வின் அடுத்த கட்டம்.

செத்த மீனை அன்றே அள்ளிப் புதைக்கச் சொன்னதற்கும் பறவைதான் காரணம். ஆக்சிஜனற்ற சேறும் அழுகும் உடல்களும் பறவைகளை முடக்கிக் கொல்லும் பாட்டுலிசம் நோயின் கிருமிக்கு வசதியான இடம். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தது அந்த நோயால்தான். பெரியவரின் வீட்டார் நஷ்டத்தோடு நஷ்டமாக ஆள் வைத்து அள்ளினார்கள். அதற்காக அவர்களுக்கு ஒரு நன்றி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நிற்கும் இடம்

சேகோ கழிவுநீரில் மாவு இருப்பதால்தான் அதிலிருந்து எரிவாயு எடுக்க முடிகிறது. மாவட்டத்தில் பல ஆலைகள் அப்படி எடுத்துத் தங்கள் எரிபொருள் செலவைக் குறைத்திருக்கின்றன. இந்த ஆற்றில் உடனே பலன் தரக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன். ஏரியைத் தூர்வாரும் கோரிக்கையும் எழுந்திருக்கிறது. தூர்வாரலாம், ஆனால் சேற்றைச் சோதிக்காமல் அள்ளிக் கரையில் கொட்டினாலும், வண்டல் என்று வயலுக்குக் கொண்டுபோனாலும், அடங்கிக் கிடக்கும் உலோகத்தைக் காற்றில் திறந்துவிடுவதாகவே முடியும்.

ஊர்க் கூட்டத்தில் நான் வைத்த யோசனை எளிமையானது: வருடத்தின் முதல் வெள்ளத்தை வாய்க்கால் மதகை அடைத்து ஆற்றோடு போகவிடுவது, தண்ணீர் தெளிந்த பிறகு ஏரிக்குத் திறப்பது. பெரியவர் ஒத்துக்கொண்டார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றதே ஒரு வெள்ளம், அதையும் விட்டா அடுத்தது வரும்னு யாருங்க உறுதி குடுப்பாங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். சேலத்தின் வறட்சியில் வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி கேட்க முழு உரிமை உண்டு. நாம் அடைத்து அனுப்பும் சேறு நாமக்கல் பக்கத்து ஏரிகளைத் தாண்டிக் காவிரிக்குத்தான் போகும் என்பதையும் அவர்தான் சொன்னார். இப்போதைக்கு முடிவானது இவ்வளவுதான்: மதகை முழுக்க அடைக்காமல் பாதி திறப்பது, வெள்ளம் வரும் இரவில் மீட்டரோடு கரையில் ஆள் இருப்பது, எண் 4க்குக் கீழே இறங்கினால் மோட்டார் வைத்து ஏரித் தண்ணீரையே வாரி இறைத்துக் காற்றோடு கலப்பது. மீட்டர் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கிறது. அதைப் படிக்க, ஊரிலேயே பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.